மதுரையை விடக் கிட்டத்தில் யாழ்ப்பாணம்!

சென்னைக்கு மதுரை கிட்டமா, யாழ்ப்பாணம் கிட்டமா?

"இது என்ன கேள்வி! யாழ்ப்பாணம் கடலுக்கு அப்பால் அல்லவா இருக்கிறது?" என்பீர்கள். தேசப்படத்தை விரித்து அளந்து பாருங்கள். ஆகாய மார்க்கத்தில் நேர்கோடாகப் போனால் மதுரை சுமார் 420 கிலோ மீட்டர். யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையமோ சுமார் 355 கிலோ மீட்டர்தான்!

இந்த வழியில் பறப்பது எழுபது பேர் அமரக்கூடிய சிறு விமானம். அதன் வேகம் மணிக்குச் சுமார் 500 கிலோ மீட்டர். கணக்குப் போட்டால் முக்கால் மணி நேரம்கூட ஆகாது. ஆனால் கால அட்டவணையில் ஒரு மணிக்கு மேலேயே போட்டிருப்பார்கள். ஏன்?

விமானம் நின்ற இடத்தை விட்டு அசைந்தது முதல், போய்ச் சேர்ந்து நிற்கும் வரை உள்ள நேரத்தைத்தான் பயண நேரம் என்கிறார்கள். ஓடுபாதைக்கு ஊர்ந்து போக வேண்டும். முறை வரும் வரை காத்திருக்க வேண்டும். ஏறும்போதும் இறங்கும்போதும் முழு வேகம் கிடையாது. நெடும் பயணத்தில் இந்தச் சில்லறை நேரம் கண்ணில் படாது. குறும் பயணத்தில் அதுவே பெரும் பங்கு!

ஊரைத் தாண்டி ஊருக்கு

தூரம் இவ்வளவு குறைவு. ஆனால் அந்த ஊர் மக்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல.

பலாலி, இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷார் அமைத்த விமானத் தளம். 1947 டிசம்பர் 10-ந் தேதி 'ஏர் சிலோன்' கம்பெனியின் முதல் விமானம் கொழும்பிலிருந்து கிளம்பி, யாழ்ப்பாணத்தில் இறங்கி, சென்னைக்கு வந்து சேர்ந்தது. ஆக, இது புது வழி அல்ல, பழைய வழி.

பின்னாளில் அந்தச் சேவை நின்றது. 1983-ல் உள்நாட்டுப் போர் மூண்டது. சென்னையிலிருந்து யாழ்ப்பாணம் போக வேண்டியவர் கொழும்புக்குப் பறக்க வேண்டும். அது சுமார் 640 கிலோ மீட்டர். அங்கிருந்து வடக்கே திரும்பி, தரை வழியாக மேலும் 400 கிலோ மீட்டர். படத்தில் சென்னைக்கும் கொழும்புக்கும் ஒரு கோடு கிழியுங்கள். அது யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேலேயே போகும்! சொந்த ஊரைத் தாண்டிப் போய் இறங்கி, ஓர் இரவு முழுவதும் பஸ்ஸில் திரும்பி வர வேண்டும். தாய்க்கு உடம்பு சரியில்லை என்று தந்தி வந்தவனுக்கு இந்தச் சுற்று எப்படி இருந்திருக்கும்! போர்க்காலத்தில் பல ஆண்டுகள் அந்தச் சாலையும் மூடிக் கிடந்தது.

2009-ல் போர் முடிந்தது. ஆனாலும் நேர் விமானம் வர மேலும் பத்து ஆண்டுகள் பிடித்தன. 2019 அக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. நவம்பரில் சென்னை விமானம் ஓடத் தொடங்கியது. நான்கு மாதம்தான்; கொரோனா வந்து நிறுத்திவிட்டது. 2022 டிசம்பரில் மீண்டும் தொடங்கியது.

2025 மார்ச்சில் திருச்சியிலிருந்தும் விமானம் விட்டார்கள். அந்தத் தூரம் சுமார் 185 கிலோ மீட்டர்தான். விமானம் மேலே ஏறி நிமிர்வதற்குள், இறங்கப் போகிறோம், பெல்ட்டைக் கட்டுங்கள் என்று சொல்லிவிடுவார்கள்!