விளையாட்டுப் பெட்டியின் சாவி யாரிடம்?

கலைஞர் விளையாட்டு உபகரணங்கள் திட்டம் 2024 பிப்ரவரியில் திருச்சியில் தொடங்கியது. கிரிக்கெட் மட்டை, கைப்பந்து, வலை என 33 வகைப் பொருட்கள் தமிழகத்தின் 12,000-க்கும் மேற்பட்ட ஊராட்சிகளுக்கு என்று அறிவிக்கப்பட்டது. நல்ல திட்டம்தான். ஆனால் பென்னாகரம் பக்கத்து இளைஞர்களான நாம் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது: அந்தப் பெட்டியின் சாவி யாரிடம் இருக்கிறது?

ஊராட்சிக்கு வந்த பொருள் ஊர் இளைஞர் மன்றத்தின் கைக்குப் போனால், அந்த மன்றத்தில் யார் இருக்கிறார்கள் என்பதுதான் பிரச்சினை. ‘காலனிப் பையன் வரக்கூடாது’ என்று யாரும் பலகையில் எழுதி வைப்பதில்லை. கூட்டத்தை அவன் நுழையத் தயங்கும் கோயில் திடலில் வைத்தால் போதும். அணி பிரிக்கும்போது ‘ஆள் நிறைஞ்சிடுச்சு’ என்றாலும் போதும். (காலனி என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதல்வர் சட்டப்பேரவையில் அறிவித்தார். சொல் போனால் கோடு போய்விடுமா என்பது வேறு பேச்சு.)

‘எங்கள் மன்றம், யாரைச் சேர்ப்பது என்பது எங்கள் விருப்பம்’ என்று சொல்பவர்கள் உண்டு. அமெரிக்கச் சாரணர் அமைப்பு தன்பாலீர்ப்பாளர் ஒருவரைப் பொறுப்பிலிருந்து நீக்கியபோது இதே வாதத்தைத்தான் வைத்தது. 2000-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. சரி, தனிச் சங்கம் என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் பொதுப்பணம் எதற்கு என்ற கேள்வி அங்கே அடுத்து எழுந்தது.

அந்தக் கேள்வியைத் தமிழ்நாடு நூறு ஆண்டுகளுக்கு முன்பே கேட்டுவிட்டது. வ.வே.சு. ஐயர் சேரன்மாதேவியில் நடத்திய குருகுலத்துக்குத் தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டி 10,000 ரூபாய் தர ஒப்புக்கொண்டு, முதலில் 5,000 கொடுத்தது. அங்கே பிராமணப் பிள்ளைகள் இருவருக்குத் தனிப்பந்தி நடப்பது வெளியே தெரிந்தது. பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் எதிர்த்து நின்றார்கள். இருவர்தானே, பெற்றோர் விருப்பம்தானே என்ற சமாதானம் எடுபடவில்லை. தேசிய இயக்கத்தில் பங்குபெறும் அமைப்புகள் பிறப்பால் வேற்றுமை பார்க்கக் கூடாது என்று 1925 ஏப்ரலில் திருச்சியில் கூடிய கமிட்டி தீர்மானித்தது. ஐயர் பொறுப்பிலிருந்து விலகினார். அது பெரும்பாலும் பிராமணர், பிராமணர் அல்லாதார் சண்டையாகவே நினைவுகூரப்படுகிறது. சேரிப் பிள்ளைக்கு அந்தப் பந்தியில் இலை உண்டா என்பது அவ்வளவாகப் பேசப்படவில்லை. ஆனாலும் கொடுத்தவருக்குக் கேட்கும் உரிமை உண்டு என்பது அங்கே நிலைநாட்டப்பட்டது.

இன்று கொடுப்பது அரசு. 1955-ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தில் 9-ஆவது பிரிவைப் பாருங்கள். அரசு நிலமோ பணமோ பெறும் வழிபாட்டிடம், கல்வி நிறுவனம், விடுதி ஆகியவற்றின் நிர்வாகி தீண்டாமைக் குற்றத்தில் தண்டனை பெற்றால், அந்த மானியத்தை அரசு நிறுத்தலாம், திரும்பவும் வாங்கலாம். அந்தப் பட்டியலில் இளைஞர் மன்றம் இல்லை. பள்ளிக்கூடத்துக்கு உள்ள நிபந்தனை, பள்ளி விட்டதும் அதே பையன் போய் நிற்கும் மைதானத்துக்கு ஏன் இல்லை? சட்டத்தைத் திருத்தும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. பொருளைக் கொடுக்கும்போதே, ஊராட்சியின் எல்லாக் குடியிருப்புகளிலிருந்தும் உறுப்பினர் இருக்க வேண்டும், இல்லையென்றால் பொருள் ஊராட்சிக்கே திரும்ப வேண்டும் என்று ஓர் அரசாணையில் சொல்லிவிடலாம்.

கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. கல்லூரிக்குப் போகும் தம்பி தங்கைகள் அடுத்த கூட்டத்துக்குக் கட்டாயம் போக வேண்டும். என்னென்ன பொருள் வந்தது, எங்கே இருக்கிறது, யார் கையெழுத்திட்டு எடுத்தார்கள் என்று கேளுங்கள். கேட்டதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். பதில் வராவிட்டால், தகவல் உரிமைச் சட்டத்தில் ஒன்றிய அலுவலகத்துக்கு ஒரு மனு போடுங்கள்.