கிளட்ச்சை மிதிச்சா கிராங்க் நகருது!

மெக்கானிக்கல் மக்களே, ஒரு சின்ன டெஸ்ட். உங்க தெருவுல பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஏதாவது நிக்குதா? ஓனர்கிட்ட கேட்டுட்டு பானெட்டைத் திறங்க. இன்ஜின் ஆஃப்லயே இருக்கட்டும். ஃப்ரெண்டை உள்ளே உட்காரவெச்சு கிளட்ச்சை மிதிக்கச் சொல்லிட்டு, நீங்க முன்னாடி இருக்கும் கிராங்க் புல்லியையே பாருங்க. மிதிக்கும்போது அது கண்ணுக்குத் தெரியற மாதிரி முன்னால வந்தா... சங்குதான்!

எங்க வண்டியில வந்துச்சு பாஸ். அதுவும் எப்போ? இன்ஜினை நட்டு நட்டாகப் பிரிச்சு, சேர்த்து, சூடம் காட்டி, எலுமிச்சம்பழம் நசுக்கி ரோட்டில் இறக்கின நாலாவது நாள்!

வண்டலூர்னா நமக்கு ஜூ. தாத்தா தலைமுறைக்கு அது ஸ்டாண்டர்டு கம்பெனி. 1959-ல் இங்கிலாந்தில் வந்த ட்ரையம்ப் ஹெரால்டை, 1961-லிருந்து ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் வண்டலூரில் தயாரிச்சாங்க. டிசைன், இத்தாலிக்காரர் மிகெலாட்டி. இன்ஜின், 948 சி.சி., நாலு சிலிண்டர். 1968-ல் வந்த நாலு கதவு மாடல் இந்தியாவுக்கு மட்டுமே ஸ்பெஷல். இங்கிலாந்துக்காரங்க ஊர்ல கிடைக்காத ஹெரால்டு, நம்ம ஊர் சரக்கு! அப்புறம் 1985-ல் 'ஸ்டாண்டர்டு 2000'னு ஒண்ணு விட்டாங்க. வெளியே ரோவர் காரோட பளபள பாடி, உள்ளே 1940-கள்ல பிறந்த வேன்கார்டு இன்ஜினோட வாரிசு. எடுபடலை. 1988-ல் தயாரிப்பே நின்னுபோச்சு. பழைய இன்ஜினை வெச்சு சொதப்பினது நான் மட்டும் இல்லைன்னு ஒரு சின்ன ஆறுதல்.

எங்க ஹெரால்டு 1970 மாடல். தாத்தா வாங்கினது. அவர் போனதுக்கு அப்புறம் மாமல்லபுரம் பக்கம் பெரியப்பா வீட்டு ஷெட்டில் 18 வருஷம் தூங்குச்சு. ஷெட்டுக்கும் கடலுக்கும் நடுவுல ஒரே ஒரு சவுக்குத்தோப்பு. கடற்கரைக் கோயில் கல்லையே அரிக்கிற உப்புக்காத்து, வார்ப்பு இரும்பை விடுமா? நாலு பிஸ்டனும் சிலிண்டரோட ஒட்டிக்கிச்சு. பிளக் ஓட்டை வழியா டீசலை ஊத்தி ஒன்பது நாள் ஊறப்போட்டோம். பத்தாவது நாள் 'டக்'னு கிராங்க் அசைஞ்சப்போ ஷெட்டே விசிலடிச்சுது. செயின் பிளாக் போட்டு வேப்பமரத்துல இன்ஜினைத் தூக்கி, குட்டி யானையில ஏத்தி செங்கல்பட்டு வந்தோம். வண்டி பின்னாலேயே கயித்துல.

செங்கல்பட்டுல சித்தப்பாவோட ஃப்ரெண்டு தன் ஒர்க் ஷாப்ல ஒரு மூலையைக் கொடுத்தார். போரிங், ஓவர்சைஸ் பிஸ்டன், வால்வு கிரைண்டிங் எல்லாம் லேத்காரங்க கைவண்ணம். சேர்க்கிறது மட்டும் நான்னு அடம்பிடிச்சேன். தேர்டு இயர் திமிர்!

இப்ப வில்லன் என்ட்ரி. இந்த இன்ஜின்ல கிராங்க் முன்னும் பின்னும் ஓடாம இருக்க, பின்பக்க மெயின் பேரிங்கோட ரெண்டு பக்கமும் ஆளுக்கு ஒரு அரைவட்ட வாஷர் இருக்கும். த்ரஸ்ட் வாஷர். முழு வட்டம் கிடையாது, பாதிதான். கிளட்ச்சை ஒவ்வொரு தடவை மிதிக்கும்போதும் கிராங்க் முன்னால தள்ளப்படும். அந்த அழுத்தம் முழுக்கப் பின்பக்க வாஷர் தலையில. ட்ரையம்ப் குடும்ப இன்ஜின்களுக்கே இது பரம்பரை வியாதி. வாஷரோட ஒரு பக்கம் மெத்துனு பேரிங் உலோகம், ஆயில் நிக்கறதுக்குக் காடி வெட்டியிருக்கும். மறுபக்கம் வெறும் ஸ்டீல். காடி இருக்கிற பக்கம் சுத்துற கிராங்கைப் பார்க்கணும். நான் பிளாக்கைப் பார்க்க வெச்சேன். 'ஆயில் பிளாக்லேர்ந்துதானே வருது, அந்தப் பக்கமே இருக்கட்டும்'னு என் அபார அறிவு! வெச்சதும் ஃபீலர் கேஜ் விட்டு இடைவெளியை அளக்கணும். அளக்கலை. லேப் ரெக்கார்டுல ரீடிங்கை சீனியர் நோட்டைப் பார்த்து எழுதின பயலுக்கு அது எங்கே தோணும்?

வண்டி என்னவோ ஸ்டார்ட் ஆச்சு. பெரியப்பா பத்தாயிரம் கட்டி ரெஜிஸ்ட்ரேஷனைப் புதுப்பிச்சார் (20 வருஷம் தாண்டின கார்களுக்கு 2025 ஆகஸ்ட்லேர்ந்து அதான் ரேட்டு). நாலாவது நாள், மாமல்லபுரம் போற வழியில, திருக்கழுக்குன்றம் டிராஃபிக்ல கிளட்ச்சை மிதிச்சபடி நின்னோம். 'கரகர'ன்னு ஒரு சத்தம். கியர் விழலை. டிராக்டர் பின்னால கயிறு கட்டி செங்கல்பட்டுக்கே ரிட்டர்ன். பெரியப்பா திட்டலை, அதான் கொடுமை. "இன்னொரு தடவை பாரு. ஓடலைன்னா காயலான் கடைக்குப் போட்டுடலாம்"னு மட்டும் சொன்னார்.

ஒர்க் ஷாப்புக்கு டீ குடிக்க வர்ற பெரியவர் ஒருத்தர், வண்டலூர் ஸ்டாண்டர்டுல ஃபிட்டரா இருந்தவர். கதையைக் கேட்டுட்டு, "சம்பைக் கழட்டு தம்பி. உள்ளே ஒரு பிறைநிலா கிடக்கும்"னார். கழட்டினேன். கறுப்பு ஆயிலுக்கு நடுவுல, பாதி தேய்ஞ்சு, கிடந்தது! வாஷர் விழுந்தப்புறம் கிராங்க் நேரா பிளாக்கை உரசியிருக்கு. இன்னும் பத்து கிலோமீட்டர் ஓட்டியிருந்தா பிளாக்கே போயிருக்கும்னார்.

புது வாஷர் ரெண்டு மாட்டினா முடிஞ்சுதுன்னு நினைச்சேன். "இரும்புத்தூள் எங்கெல்லாம் போயிருக்கும்னு யோசி"ன்னார். மறுபடி முழு இன்ஜினையும் பிரிச்சோம். ஆயில் போற ஒவ்வொரு துளைக்கும் மண்ணெண்ணெய், பிரஷ், காத்து. புது ஷெல் பேரிங். கிராங்கோட உரசின முகத்தை லேத்ல லேசா சீராக்கினதால கொஞ்சம் தடிச்ச வாஷர் தேவைப்பட்டுச்சு. புதுப்பேட்டையைச் சல்லடை போட்டும் கிடைக்கலை. இங்கிலாந்துல ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் ஓட்டுறவங்க புண்ணியத்துல அங்கே இன்னும் விக்கிறாங்க. வாஷரைவிட தபால் செலவு அதிகம்!

இந்த முறை காடி கிராங்கைப் பார்த்து. பெரியவர் பக்கத்துல நின்னார், கை வெக்கலை. ஸ்க்ரூ டிரைவரால கிராங்கை முன்னும் பின்னும் நெம்பி, ஃபீலர் கேஜை விட்டேன். ஆயிரத்துல நாலு பங்கு இன்ச்சுக்குக் குறையக் கூடாது, எட்டைத் தாண்டக் கூடாது. ஆறு நுழைஞ்சுது. ஏழு நுழையலை. "இன்னொரு தடவை அள"ன்னார். அளந்தேன். "இன்னொரு தடவை." மூணாவது தடவையும் ஆறுதான்.

போன ஞாயித்துக்கிழமை மறுபடி அதே ரூட். திருக்கழுக்குன்றத்துல நிக்கும்போதெல்லாம் நியூட்ரல் போட்டு, கிளட்ச்சுல இருந்து காலை எடுத்துட்டேன். மாமல்லபுரம் வந்து சேர்ந்ததும் பெரியப்பா வாசலுக்கு வந்தார். ஒரு வார்த்தை பாராட்டலை. இன்ஜினை ஆஃப் பண்ணச் சொல்லிட்டு, தாத்தா சீட்டுல உட்கார்ந்து கிளட்ச்சை அழுத்தி மிதிச்சார்.

"புல்லியைப் பாருடா."

பார்த்தேன். அசையலை.