இட்லியான சூரியன்!

குழந்தைகளே, சுமார் 25 வருடங்களுக்கு முன்பு ஒரு மாணவனுக்கு நான் தப்பான பதில் சொல்லிவிட்டேன். அதைத் திருத்திக்கொள்ள உதவியது, என் பேரனின் கம்ப்யூட்டர் விளையாட்டு.

எங்கள் அய்யம்பாளையத்துக்கு மேற்கே மலை. மாலைச் சூரியன் மலைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும். அடிவானத்தைத் தொடும் சூரியனை இங்கிருந்து பார்க்க முடியாது. அதனால், பள்ளிச் சுற்றுலாவில் கன்னியாகுமரிக்குப் போனபோது, ஆறாம் வகுப்புப் பையன்கள் கடற்கரையில் வாயைப் பிளந்து நின்றார்கள். ஒருவன் மட்டும் என் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

"சார், சூரியன் ஏன் சார் இட்லி மாதிரி நசுங்கியிருக்கு?"

"கண்ணு ஏமாத்துதுடா. வா, பஸ்சுக்கு நேரமாச்சு!" என்றேன்.

அவனும் தலையாட்டிவிட்டு வந்துவிட்டான். சார் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்புகிற வயது அல்லவா!

போன கோடை விடுமுறையில் பேரன் என் போட்டோவைக் கம்ப்யூட்டரில் போட்டு, முகத்தை நெளித்து வைத்திருந்தான். "இதுக்கு டிஸ்பிளேஸ்மென்ட் மேப்னு பேரு தாத்தா" என்றான்.

விஷயம் இதுதான். கம்ப்யூட்டரில் உள்ள படம், லட்சக்கணக்கான சிறு புள்ளிகளால் ஆனது. அந்தப் புள்ளிகளை இடம் மாற்ற, கறுப்பு, வெள்ளை, சாம்பல் நிறங்களில் இன்னொரு படத்தைத் தருகிறோம். அதுதான் 'மேப்'. கறுப்புக்கு மதிப்பு 0, வெள்ளைக்கு 255. நடுவில் 128 என்ற சாம்பல் நிறம் இருந்தால், 'அசையாதே' என்று பொருள். அதைவிடக் கறுத்தால் ஒரு பக்கமும், வெளுத்தால் எதிர்ப் பக்கமும் புள்ளி நகரும். போட்டோஷாப்பில் 'டிஸ்பிளேஸ்' என்று இந்த வசதி இருக்கிறது. காசில்லாமல் கிடைக்கும் கிம்ப் மென்பொருளிலும் உண்டு.

"மேப் முழுக்க வெள்ளையா இருந்தா என் முகம் என்ன ஆகும்?" என்று கேட்டேன்.

"ரொம்பக் கோணலாயிடும்!"

செய்து பார்த்தான். முகம் அப்படியே இருந்தது. இடம் மட்டும்தான் தள்ளிப் போயிருந்தது. பேரன் தலையைச் சொறிந்தான்.

அடுத்து, மேலே கறுப்பில் தொடங்கிக் கீழே வரவர வெளுக்கும் மேப் ஒன்றைப் போட்டான். இதற்கு 'கிரேடியன்ட்' என்று பெயர். இப்போது முகம் முருங்கைக்காயாக நீண்டது! மேப்பைத் தலைகீழாக்கினான்; பூசணிக்காயாக அமுங்கியது. எல்லாப் புள்ளிகளும் ஒரே அளவு நகர்ந்தால் உருவம் மாறுவதில்லை. பக்கத்துப் புள்ளியும் தானும் வெவ்வேறு அளவு நகரும்போதுதான் மாறுகிறது.

பூசணிக்காய் முகத்தைப் பார்த்ததும் எனக்குச் சுரீரென்றது. கன்னியாகுமரி இட்லி!

கம்ப்யூட்டர் இல்லாதவர்கள் காகிதத்தில் செய்யலாம். 4 செ.மீ. ஆரத்தில் ஒரு வட்டம் வரையுங்கள். அதைக் குறுக்காக, 1 செ.மீ. அகலமுள்ள 8 பட்டைகளாக வெட்டுங்கள். எல்லாவற்றையும் சேர்த்து மேலே நகர்த்தினால் வட்டம் வட்டம்தான். இப்போது ஒவ்வொரு பட்டையையும் மேலே உள்ள பட்டைக்கு அடியில் 2 மி.மீ. நுழையுங்கள். மேல் பட்டை நகராது. கீழே போகப் போக நகர்வு கூடும். 80 மி.மீ. உயரம் 66 ஆகிவிடும். அகலம் குறையாது.

சூரியனுக்கு இதைச் செய்வது காற்று. தரைக்கு அருகில் காற்று அடர்த்தி அதிகம், மேலே குறைவு. அதன் வழியே வரும் ஒளி வளைவதால், சூரியன் உண்மையில் இருப்பதைவிட உயரத்தில் தெரிகிறது. ஒரு பாகையை 60 பங்காக்கினால், ஒரு பங்கின் பெயர் கலை. சூரியனின் அகலம் சுமார் 32 கலை. அடிவானத்தைத் தொடும் கீழ் விளிம்பைக் காற்று சுமார் 34 கலை தூக்கிக் காட்டும். மேல் விளிம்பையோ சுமார் 28 கலைதான் தூக்கும். 6 கலை அமுங்கிவிட்டதே! உச்சி வானில் இந்தத் தூக்கல் இல்லை. அங்கே சூரியன் வட்டம்தான்.

கேமராவில் எடுத்தாலும் நசுங்கித்தான் விழும். கண்மேல் பழி போட்டது என் தப்பு. (சூரியனை வெறும் கண்ணால் உற்றுப் பார்க்கவே கூடாது. பைனாகுலரில் பார்ப்பது இன்னும் ஆபத்து.)

அந்த மாணவன் இப்போது எங்கள் ஊரிலேயே தேங்காய் மண்டி வைத்திருக்கிறான். காகிதப் பட்டைகளோடு போய், கல்லாப்பெட்டிமேல் பரப்பி, எல்லாவற்றையும் சொன்னேன். கவனமாகக் கேட்டான்.

"சார், அகலமே 32தான். காத்து 34 தூக்குது. அப்போ, அடி கடலைத் தொட்டப்பவே..."

"ஆமாம்ப்பா. நாம பார்த்துக்கிட்டு நின்னப்ப சூரியன் முழுசா இறங்கியாச்சு."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு உள்ளே திரும்பி மகளைக் கூப்பிட்டான். "பாப்பா, இங்க ஓடி வா. சாரு ஒண்ணு காட்டறாரு!"