சிறப்புத் தேவையுள்ள குழந்தை பொது வகுப்புக்கு வந்தால் ஆசிரியர் என்ன செய்யணும்? பினாங்கிலிருந்து ஒரு விளக்கம்

பினாங்கில் ஏதாவது ஒரு தமிழ்ப்பள்ளியின் முதலாம் ஆண்டு வகுப்பை நினைத்துக்கொள்ளுங்கள். முப்பது பிள்ளைகள், ஓர் ஆசிரியை. ஒரு பையன் கரும்பலகையில் இருப்பதை எழுதவே மாட்டான். இன்னொரு பிள்ளை பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பாது. "கொஞ்சம் மெதுவாதான் இருப்பான் டீச்சர், போகப் போகச் சரியாயிடும்" என்கிறார் அம்மா. ஆசிரியைக்கும் சந்தேகம் இருக்கிறது. ஆனால் அடுத்து என்ன செய்வது என்று அவருக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

இது எந்தப் பள்ளியிலும் நடக்கக்கூடியதுதான். சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளையும் பொது வகுப்பில் சேர்த்துப் படிக்க வைப்பதற்குப் பெயர் உள்ளடக்கிய கல்வி. மலேசியாவில் சட்டமும் கொள்கையும் அந்தப் பக்கம் நகர்ந்துவிட்டன. ஆசிரியர்களும் அதே வேகத்தில் தயாராகிறார்களா என்பதுதான் கேள்வி.

சட்டம் என்ன சொல்கிறது?

1996ஆம் ஆண்டு கல்விச் சட்டத்தில் சிறப்புக் கல்விக்குத் தனி இடம் உண்டு. அதன் கீழ் 1997இல் வந்த விதிமுறைகள், "கல்வி கற்கக்கூடிய" பிள்ளைகளுக்கு மட்டுமே அரசுப் பள்ளியின் கதவைத் திறந்தன. மற்றவர்கள் வெளியே நின்றார்கள்.

2008இல் மாற்றுத்திறனாளிகள் சட்டம் வந்தது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையை மலேசியா 2010இல் உறுதிப்படுத்தியது. 2013இல் சிறப்புக் கல்வி விதிமுறைகள் புதிதாக எழுதப்பட்டன. 2019இல் எந்தப் பிள்ளையையும் திருப்பி அனுப்பக்கூடாது என்ற 'ஜீரோ ரிஜெக்ட்' கொள்கை நடைமுறைக்கு வந்தது. சிறப்புத் தேவையுள்ள மாணவர்களில் 75 விழுக்காட்டினர் 2025க்குள் உள்ளடக்கிய வகுப்புகளில் இருக்க வேண்டும் என்பது, 2013–2025 தேசியக் கல்வித் திட்டம் வைத்த இலக்கு.

எத்தனை வகைப் பள்ளி ஏற்பாடு இருக்கிறது?

மூன்று வகை. முதலாவது, தனிச் சிறப்புப் பள்ளி. பார்வைக் குறை, செவிக் குறை உள்ள பிள்ளைகளுக்கானவை பெரும்பாலும் இவை.

இரண்டாவது 'பி.பி.கே.ஐ.' என்று ஆசிரியர்கள் சொல்லும் ஒருங்கிணைந்த திட்டம். சாதாரணப் பள்ளி வளாகத்துக்குள்ளேயே தனி வகுப்பும், சிறப்புக் கல்வி ஆசிரியரும், மாணவர் பராமரிப்பு உதவியாளரும் இருப்பார்கள். சில தமிழ்ப்பள்ளிகளிலும் இந்த வகுப்பு உண்டு.

மூன்றாவதுதான் உள்ளடக்கிய திட்டம். இதில் பிள்ளை முழு நேரமோ, சில பாடங்களுக்கு மட்டுமோ பொது வகுப்பில் மற்றவர்களோடு உட்காரும். முதல் இரண்டிலும் பயிற்சி பெற்ற ஆசிரியர் பக்கத்திலேயே இருப்பார். மூன்றாவதில், பாடம் நடத்துபவர் கணிதமோ தமிழோ படித்துவிட்டு வந்த சாதாரண ஆசிரியர். இலக்கு பெரிதாகப் பெரிதாக, பயிற்சி தேவைப்படுவோர் பட்டியலும் நீள்கிறது. ஏனென்றால் அது இப்போது எல்லா ஆசிரியர்களையும் சேர்த்த பட்டியல்.

பினாங்கின் பழைய பாடம்

இந்த விஷயத்தில் பினாங்குக்கு நீண்ட வரலாறு இருக்கிறது. 1926இல் மலாக்காவில் தொடங்கிய பார்வையற்றோருக்கான செயின்ட் நிக்கலஸ் இல்லம், 1931இல் பினாங்குக்கு இடம் மாறியது. 1954இல் தஞ்சோங் பூங்காவில் செவித்திறன் குறைந்த பிள்ளைகளுக்காகக் கூட்டரசுப் பள்ளி திறக்கப்பட்டது. நாட்டிலேயே இவ்வகையில் முதல் பள்ளி அதுதான்.

அங்கே ஆரம்பத்தில் பின்பற்றப்பட்டது வாய்மொழி முறை. உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொள்ளவும், வாயால் பேசவும்தான் பிள்ளைகளைப் பழக்கினார்கள். கையால் சைகை காட்டுவதற்கு வகுப்பில் இடமில்லை. ஆனால் வகுப்பு முடிந்ததும் பிள்ளைகள் தங்களுக்குள் கைகளால் பேசிக்கொண்டார்கள். அப்படி உருவானதுதான் இன்று மொழியியலாளர்கள் 'பினாங்கு சைகை மொழி' என்று தனிப் பெயரிட்டு அழைக்கும் மொழி. 1970களின் பிற்பகுதியில் சைகை, பேச்சு, எழுத்து எல்லாவற்றையும் சேர்த்துப் பயன்படுத்தும் முழுமைத் தொடர்பு முறைக்கு நாடு மாறியது. அப்போது ஆசிரியர்கள் மறுபடி மாணவர்களாக வேண்டியிருந்தது.

பிள்ளைக்குப் பொருந்தாத முறையை எவ்வளவு அக்கறையாகச் சொல்லிக்கொடுத்தாலும் பலன் குறைவு. முதலில் கற்றுக்கொள்ள வேண்டியவர் ஆசிரியர் என்பதே அதில் கிடைத்த பாடம்.

இப்போது ஆசிரியர்களுக்கு என்ன பயிற்சி கிடைக்கிறது?

பினாங்கு மாநிலத்தில் தீவில் ஒன்றும், புக்கிட் மெர்த்தாஜாமில் துவாங்கு பைனுன் வளாகமுமாக இரண்டு ஆசிரியர் கல்விக் கழகங்கள் இருக்கின்றன. 1969இல் தொடங்கிய மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் கல்வியியல் புலம் இருக்கிறது. மலாக்காவில் உள்ள 'சீமியோ சென்' என்ற தென்கிழக்காசிய சிறப்புக் கல்வி மையம், இந்த வட்டாரத்து ஆசிரியர்களுக்காகவே பயிற்சிகளை நடத்துகிறது.

பணியில் உள்ள அரசு ஊழியர் ஆண்டுக்கு ஏழு நாள் பயிற்சி பெற வேண்டும் என்பது பொது விதி. இதில் பள்ளிக்குள்ளேயே நடக்கும் 'லாடாப்' பயிற்சியும் அடங்கும்.

அப்படியானால் குறை எங்கே? பெரும்பாலும் பயிற்சி நடக்கும் விதத்தில்தான். பள்ளியிலிருந்து ஒருவர் இரண்டு நாள் பட்டறைக்குப் போவார். திரும்பி வந்து, கூட்டத்தின் கடைசி அரை மணி நேரத்தில் மற்றவர்களுக்குச் சொல்வார். ஸ்லைடு வாட்ஸ்அப்பில் வரும். திங்கட்கிழமை வகுப்பு பழைய மாதிரியே நடக்கும்.

இது மலேசியாவுக்கு மட்டும் உள்ள சிக்கல் அல்ல. அமெரிக்காவில் புரூஸ் ஜாய்ஸ், பெவர்லி ஷவர்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1980களிலேயே இதைச் சுட்டிக்காட்டினார்கள். வெறும் விளக்கவுரையும் செய்முறைக் காட்சியும் வகுப்பறைப் பழக்கத்தை அவ்வளவாக மாற்றுவதில்லை. அனுபவமுள்ளவர் கூடவே இருந்து, பார்த்து, திருத்தி வழிகாட்டும்போதுதான் கற்றது வகுப்புக்குள் வருகிறது என்றார்கள்.

இதற்குப் பெரிய செலவு வேண்டியதில்லை. பி.பி.கே.ஐ. வகுப்பு இருக்கும் பள்ளியில், அந்தச் சிறப்புக் கல்வி ஆசிரியர் வாரம் ஒரு பாடவேளை பொது வகுப்பில் கூட நின்றாலே போதும். அவருக்கு அந்த நேரத்தை அட்டவணையில் ஒதுக்கித் தர வேண்டியவர் தலைமையாசிரியர்.

தமிழ்ப்பள்ளிக்கு மட்டும் உள்ள சிக்கல் என்ன?

பினாங்கில் 28 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அங்கே ஏழு வயதுப் பிள்ளை ஒரே நேரத்தில் மூன்று மொழி படிக்கிறது. மலாய் எழுத்துக்கூட்டல் ஒழுங்கானது, எழுதியபடி வாசிக்கலாம். ஆங்கிலம் அப்படியல்ல. தமிழுக்கு எழுத்து வடிவமே வேறு, மொத்தம் 247.

டிஸ்லெக்சியா எனும் வாசிப்புக் குறைபாடு உள்ள பிள்ளைக்கு இது என்ன ஆகும்? 'கெ' என்று எழுதும்போது கொம்பு முன்னால் வருகிறது, ஆனால் ஒலி பின்னால் வருகிறது. 'கொ' என்றால் குறி இரு பக்கமும் நிற்கிறது. கண் பார்க்கும் வரிசை ஒன்று, காது கேட்கும் வரிசை வேறு. இதோடு ண, ன, ந. ல, ள, ழ. ர, ற என்று ஒலி நெருங்கிய எழுத்துகள் வேறு. ஆங்கிலப் பிள்ளைகளுக்காக எழுதிய கையேட்டில் 'பி'யையும் 'டி'யையும் மாற்றி எழுதுவது பற்றி இருக்கும், கொம்பைப் பற்றி இருக்காது.

ஆசிரியர் கவனிக்க வேண்டியது இதுதான்: பிள்ளை தடுமாறுவது ஒரு மொழியில் மட்டுமா, மூன்றிலுமா? ஒன்றில் மட்டும் என்றால், அந்த மொழி வீட்டில் புழங்காததும் காரணமாக இருக்கலாம். மூன்றிலும் ஒரே மாதிரித் தடுமாற்றம் என்றால் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். ஆசிரியரின் வேலை கவனித்துக் குறித்துவைப்பது. 'டிஸ்லெக்சியா', 'ஆட்டிசம்' என்று முடிவு சொல்ல வேண்டியவர் மருத்துவரோ உளவியலாளரோதான்.

தமிழில் பயிற்சிப் பொருள் தேடுபவர்கள் சென்னையையும் பார்க்கலாம். மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கம், வித்யா சாகர், முட்டுக்காட்டில் உள்ள பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் ஆகியவை இந்தத் துறையில் நீண்ட அனுபவம் உள்ளவை. அங்குள்ள பாடத்திட்டம் வேறு என்பதால் அப்படியே எடுத்துப் பயன்படுத்த முடியாது, நம் வகுப்புக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளணும்.

நாளைக்கே செய்யக்கூடியவை என்ன?

• அன்றைய பாடவேளைகளைப் படமாக வரைந்து பலகை ஓரத்தில் ஒட்டுங்கள். அடுத்து என்ன வரும் என்று தெரிந்தால் ஆட்டிசம் உள்ள பிள்ளையின் பதற்றம் குறையும்.

• காது சரியாகக் கேட்காத பிள்ளையை முன்னால் உட்கார வையுங்கள். பலகையைப் பார்த்தபடி பேசாமல், பிள்ளைகளைப் பார்த்துப் பேசுங்கள்.

• வாசிக்கச் சிரமப்படும் பிள்ளையை எல்லார் முன்னாலும் திடீரென எழுப்பி வாசிக்கச் சொல்லாதீர்கள். பதிலை வாயால் சொல்ல விடுங்கள்.

• கட்டளையை ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். "புத்தகத்தை எடு, பக்கம் பன்னிரண்டைத் திற, முதல் கேள்வியை எழுது" என்பது மூன்று வேலை.

இப்படி மாற்றிக்கொள்வது விதிமீறல் அல்ல. கற்பிக்கும் முறை, நேரம், துணைப்பொருள் ஆகியவற்றைத் தேவைக்கேற்ப மாற்ற ஆசிரியருக்கு அனுமதி உண்டு என்று 1997 விதிமுறைகளே சொல்லியிருந்தன.

பெற்றோர் என்ன செய்யலாம்?

முதலில் அரசு கிளினிக்கில் மருத்துவரைப் பாருங்கள். 2013 விதிமுறைப்படி மருத்துவர், கண்பார்வை நிபுணர், செவித்திறன் நிபுணர், உளவியலாளர் ஆகியோர் சிறப்புத் தேவைக்குச் சான்று தரலாம். அவர்கள் அரசுப் பணியில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. சமூக நல இலாகா தரும் மாற்றுத்திறனாளி அட்டை வேறு, அதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். எந்தத் திட்டம் பொருத்தம் என்று பார்க்க, அதிகபட்சம் மூன்று மாதம் பிள்ளையை வகுப்பில் வைத்துக் கவனிக்கவும் விதி இடம் தருகிறது. பதிவான சிறப்புக் கல்வி மாணவருக்கு மாதம் 150 ரிங்கிட் உதவித்தொகை உண்டு.

பிறகு பள்ளியிடம் நேராகக் கேளுங்கள்: என் பிள்ளைக்குத் தனிநபர் கல்வித் திட்டம் எழுதியிருக்கிறீர்களா? அதை எப்போது மறுபடி பார்ப்பீர்கள்? வகுப்பாசிரியருக்கு உதவியாக யார் இருக்கிறார்? எஸ்.பி.எம். தேர்வில் கூடுதல் நேரம் வேண்டும் என்றால் பள்ளி முன்கூட்டியே விண்ணப்பிக்கணும், அதையும் இடைநிலைப்பள்ளியில் நேரத்தோடு நினைவூட்டுங்கள்.

"உங்க பிள்ளைக்கு இங்க சரிப்படாது" என்று யாராவது சொன்னால், அதை எழுத்தில் கேளுங்கள். மாவட்டக் கல்வி இலாகாவிடம் போகவும் உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் அந்த வகுப்பாசிரியரை எதிரியாக நினைக்க வேண்டாம். முப்பது பிள்ளைகளோடு தனியாக நிற்பவர் அவர். அவருக்கு உதவியாளரும் பயிற்சியும் வேண்டும் என்று பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் எழுந்து கேட்பவர் நீங்களாக இருந்தால், பலன் உங்கள் பிள்ளைக்கும் வந்து சேரும்.