தெற்கத்தி விண்மீன் அகத்தியர்

பிப்ரவரி மாதம் இரவு ஒன்பது மணிவாக்கில் தெற்கே பாருங்கள். வானத்து விண்மீன்களிலேயே பிரகாசமான சிரியஸுக்குக் கீழே வெகுதூரம் தள்ளி ஒரு வெள்ளை விண்மீன் தெரியும். பிரகாசத்தில் இரண்டாம் இடம் இதற்குத்தான். வானியலார் கனோபஸ் என்பார்கள், நமக்கு அகத்தியர். சிரியஸ் இருப்பது 8.6 ஒளியாண்டுத் தொலைவில். இதுவோ சுமார் 310 ஒளியாண்டு. உண்மையில் சூரியனைப் போல் பத்தாயிரம் மடங்குக்கு மேல் ஒளிரும் பூதம் இது.

சென்னையில் இது 24 பாகை உயரம் வரை ஏறும். டெல்லியில் 9 பாகைகூடத் தேறாது. விந்தியத்தைத் தாண்டித் தெற்கே போன முனிவரின் பெயரை, தெற்கே போகப் போக உயரும் விண்மீனுக்கு வைத்தவர்கள் வானத்தைக் கவனமாகப் பார்த்தவர்களாகத்தான் இருக்க வேண்டும். மழைக்காலம் முடியும் தறுவாயில் விடியலுக்கு முன் இது மீண்டும் தலைகாட்டும்போது கலங்கிய நீர் தெளியும் என்று வானியல் அறிஞர் வராகமிகிரர் பிருகத் சம்ஹிதையில் தனி அத்தியாயமே எழுதினார். கடலைக் குடித்த முனிவருக்குப் பொருத்தமான வேலைதான்!

அரபு நாடுகளில் இது சுஹைல். ஆகஸ்ட் கடைசியில் சுஹைல் உதித்துவிட்டால் வெயிலின் கொடுமை தணியத் தொடங்கும் என்பது பாலைவனத்தாரின் கணக்கு. சீனாவின் வடபகுதியில் அடிவானத்தை ஒட்டியே தெரிவதால் காண்பதே அரிது. அங்கே இது நீண்ட ஆயுள் தரும் கிழவர்.

கிரேக்கக் கதையில் கனோபஸ், டிராய் போரிலிருந்து திரும்பிய மெனிலாஸின் கப்பலோட்டி, எகிப்தில் இறந்தவன். கிரேக்க அறிஞர் பொசிடோனியஸ் இந்த விண்மீனை வைத்துப் பூமியையே அளந்தார். ரோட்ஸ் தீவில் அடிவானத்தைத் தொடும் அது, அலெக்சாந்திரியாவில் வட்டத்தின் 48இல் ஒரு பங்கு உயர்கிறது. ஆகவே இரண்டு ஊர்களுக்கும் இடையிலான தூரத்தை 48ஆல் பெருக்கினால் பூமியின் சுற்றளவு வந்துவிடும். யோசனை அருமை, அளவுகள்தான் துல்லியமில்லை.

கப்பலோட்டிக்கு 1964இல் மறுபடி வேலை கிடைத்தது. செவ்வாய்க்குப் புறப்பட்ட மாரினர் 4 விண்கலம், சூரியனை ஒரு குறியாகவும் கனோபஸை இன்னொரு குறியாகவும் வைத்துத் தன் நிலையைச் சரிசெய்துகொண்டது. சூரியனிலிருந்து பார்வைக்கு வெகுதூரம் விலகி, பிரகாசமாகவும் இருப்பதால் இதைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆனால் கலத்தின் உணர்கருவி முதலில் வேறு விண்மீன்களைப் பிடித்துக்கொண்டது. ஒருவழியாகக் கனோபஸைக் கண்டுபிடித்த பிறகும், கலத்திலிருந்து உதிர்ந்த தூசுத் துகள்கள் வெயிலில் மின்னி உணர்கருவியைத் திசைதிருப்பின.