பிள்ளைகளின் இரவு – 11: இதயம் ஒரு துடிப்பு முந்துகிறது

டெல்லிப் புகையில் அடைத்துக்கொள்ளும் மூக்கையும், வாயைத் திறந்துகொண்டு தூங்கும் பிள்ளைகளையும் பற்றிப் போன வாரம் எழுதியது நினைவிருக்கும். இந்த வாரம் செல்போனும் பல் கடித்தலும் என்று சொல்லியிருந்தேன். அதற்குத்தான் வருகிறேன். ஆனால் அதற்காகப் படிக்க உட்கார்ந்த இடத்தில் ஒரு செய்தி கண்ணில் பட்டு, வாரம் முழுக்க அதே நினைப்பாகப் போய்விட்டது. அதைச் சொல்லாமல் செல்போனுக்குப் போக மனம் வரவில்லை.

தூங்குகிற பிள்ளை பல்லை நறநறவென்று கடிக்கிறது. நமக்குத் தெரிவது அந்தச் சத்தம் மட்டும்தான். அது காதில் விழுவதற்கு முன்னால் உடம்புக்குள் என்னவெல்லாம் நடந்து முடிந்திருக்கிறது என்பதைக் கனடாவில் மான்ட்ரியால் பல்கலைக்கழகத்தின் ஜில் லவீனும், தகாஃபுமி கட்டோ முதலான அவருடைய சகாக்களும் ஆண்டுக்கணக்காக அளந்திருக்கிறார்கள். பல் கடிக்கும் இளைஞர்களை ஆய்வுக்கூடத்தில் தூங்கவைத்து, தலையிலும் நெஞ்சிலும் தாடையிலும் மின்முனைகளை ஒட்டி, இரவு முழுவதும் பதிவு செய்தார்கள். அதில் தெரிந்த வரிசை இது.

சத்தம் வருவதற்கு எட்டிலிருந்து நான்கு நிமிடம் முன்பே, தன்னியக்க நரம்பு மண்டலத்தில் நம்மை உஷார்ப்படுத்தும் பகுதி மெல்லத் தலைதூக்குகிறது. நான்கு நொடி இருக்கும்போது மூளை அலைகள் வேகம் பிடிக்கின்றன. அடுத்தது இதயம். பல் அரைபடுவதற்கு ஒரே ஒரு துடிப்புக்கு முன்னால் அது வேகமெடுக்கிறது. ஒரு நொடிக்கும் குறைவாக இருக்கும்போது மோவாய்க்குக் கீழே, வாயைத் திறக்கும் தசை இறுகுகிறது. இவ்வளவும் நடந்த பிறகுதான் கன்னத்துத் தசை சுருங்கி, ஏறக்குறைய நொடிக்கு ஒருமுறை என்ற தாளத்தில் கீழ்ப்பல்லை மேல்பல்லோடு சேர்த்து அரைக்கிறது.

அடுப்பில் பால் பொங்கி வழிந்த பிறகுதான் நாம் ஓடி வருகிறோம். அடியில் கொதி கிளம்பி வெகுநேரம் ஆகியிருக்கும். பல் கடிப்பதும் அப்படித்தான். தாடை இதில் கடைசி ஆள். தொடங்கிவைப்பது தூங்கும் மூளை.

இதில் இன்னொரு அழகும் உண்டு. பல் கடிக்கும் வழக்கமே இல்லாதவர்களிலும் நூற்றுக்கு அறுபது பேருக்கு இதே தாடைத் தாளம் தூக்கத்தில் வந்து போகிறது என்று அதே குழுவினர் 2001இல் எழுதினார்கள். அவர்களுக்குப் பல்லோடு பல் உரசுவதில்லை, அதனால் சத்தமும் இல்லை. தூக்கம் என்பது ஒரே சீராக இருப்பதில்லை. ஒரு மணி நேரத்துக்குள் பலமுறை மூளை சில நொடிகளுக்கு விழிப்பின் விளிம்புவரை வந்து திரும்பவும் அமிழ்கிறது. நமக்கு அது தெரியாது, காலையில் நினைவும் இருக்காது. பல் கடிப்பவர்களிடம் இந்த விளிம்பு நேரத்தில்தான் தாடைத் தாளம் கூடுகிறது. மற்றவர்களைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு. 2006இல் சில பிள்ளைகளை வைத்துச் செய்த ஒரு சிறிய ஆய்விலும், பல் கடிப்பவர்களுக்கு இந்தக் குட்டி விழிப்புகள் அதிகம் என்றே தெரிந்தது. ஆகவே, பிள்ளை ஏன் பல்லைக் கடிக்கிறது என்று கேட்பதைவிட, அதன் தூக்கத்தை எது கலைக்கிறது என்று கேட்பதே சரியான கேள்வி. இந்த அத்தியாயத்தில் நான் சொல்ல வந்தது இதுதான்.

டெல்லி கோல் மார்க்கெட்டில், காளிபாரி பக்கம் ஓர் அரசுக் குடியிருப்பில் இந்தக் கேள்வி வேறு விதமாகக் கேட்கப்பட்டது. அந்த வீட்டில் ஏழு வயதுப் பையன். அம்மா மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கிறார்.

“நடுராத்திரி இவன் பல்லக் கடிக்கிற சத்தம் கேட்டா எனக்கு உடம்பு கூசுதுண்ணா. வெயில் காலத்துல கூலர் சத்தத்துல ஒண்ணும் தெரியல. குளிர் வந்து எல்லாத்தையும் சாத்திட்டுப் படுக்கிறோம் பாருங்க, அப்பத்தான் தெரியுது.”

மேசைமேல் சாய்த்துவைத்த போனில் கும்பகோணத்துப் பாட்டி இருந்தார். “வயித்துல பூச்சிடி அது. எத்தன தடவ சொல்றேன்? வேப்பங்கொழுந்த அரைச்சு வெறும் வயித்துல குடு. மொதல்ல அந்த இனிப்பக் கொறை. வாசல்ல எறங்கினா ஜிலேபிக் கடை!”

அந்தக் கூலர் விஷயத்தைக் குறித்துக்கொண்டேன். பிள்ளைகளில் பல் கடிப்பவர்கள் எத்தனை பேர் என்று உலகெங்கும் வந்த ஆய்வுகளை 2013இல் தொகுத்தபோது, நூற்றுக்கு மூன்றரை என்பதிலிருந்து நாற்பதுக்கு மேல் என்பதுவரை விடை கிடைத்தது. இவ்வளவு பெரிய இடைவெளிக்கு ஒரு காரணம், பெரும்பாலும் பெற்றோர் காதில் கேட்டதை வைத்தே கணக்கெடுக்கிறார்கள் என்பது. தனி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கும் பிள்ளையின் பற்களுக்குச் சாட்சி இல்லை. எல்லோரும் வரிசையாகப் படுக்கும் நம் வீடுகளில் ஒரு சத்தமும் தப்பாது.

பாட்டியின் பூச்சிக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் மட்டும் இல்லை, உலகத்தில் பல ஊர்களில் இந்த நம்பிக்கை இருக்கிறது. குடற்புழுவுக்கும் பல் கடித்தலுக்கும் உறுதியான தொடர்பு நிரூபிக்கப்படவில்லை. பூச்சி மாத்திரை தேவைதான். 2015 முதல் தேசியக் குடற்புழு நீக்க நாள் என்று பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் அல்பெண்டசோல் கொடுக்கிறார்கள். ரத்தசோகைக்கும் வளர்ச்சிக் குறைவுக்கும் எதிராக அது வேலை செய்கிறது, தவறாமல் கொடுங்கள். கொடுத்த பிறகும் பல் கடிப்பது நிற்கவில்லை என்று மறுபடி மறுபடி வாங்கிக் கொடுப்பதுதான் கூடாது. அந்தப் பையனுக்கும் ஒன்றுக்கு மேல் கொடுத்தாகிவிட்டது.

அவனை ஒரு குழந்தைப் பல் மருத்துவரிடம் கூட்டிப் போனார்கள். கூடப் போனேன். சின்ன வட்டக் கண்ணாடியை உள்ளே விட்டு, உதட்டை விலக்கி எனக்கும் காட்டினார். மேலே இருக்கும் பால் கோரைப்பல்லின் முனை கூராக இருக்க வேண்டும். இவனுக்கு அது கத்தியால் சீவியதுபோல் மட்டமாக இருந்தது. மட்டமான இடத்தின் நடுவில், வெள்ளை எனாமல் தேய்ந்து உள்ளே இருக்கும் மஞ்சள் திசு ஒரு புள்ளியாகத் தெரிந்தது. கீழ்த்தாடையை ஒரு பக்கமாக நகர்த்தச் சொன்னார். மேல் பல்லின் தேய்ந்த முகமும் கீழ்ப் பல்லின் தேய்ந்த முகமும் இடைவெளி இல்லாமல் பொருந்தின. பகலில் அவன் ஒருபோதும் தாடையை அப்படி வைப்பதில்லை. இரவில் தாடை எங்கே போய் நிற்கிறது என்பதைப் பற்களே எழுதி வைத்திருந்தன.

அம்மாவின் முகம் வாடிப்போனது. மருத்துவர் பதறவே இல்லை. பால் பற்கள் இருபது. ஆறு வயதிலிருந்து ஒவ்வொன்றாக விழுந்து, பன்னிரண்டு வயதுக்குள் எல்லாம் புதிதாகிவிடும். பெரும்பாலான பிள்ளைகளிடம் இந்தப் பழக்கம் வளர வளரத் தானே குறைகிறது. தாடை வளர்ந்துகொண்டிருப்பதால், பெரியவர்களுக்குச் செய்வதுபோல் பல்லுக்கு இரவு உறை மாட்டுவதைப் பிள்ளைகளுக்குச் சாதாரணமாகச் செய்வதில்லை. உடம்பில் வேறு கோளாறு இல்லாதவர்களிடம் பல் கடித்தலை நோய் என்றே எண்ண வேண்டாம், ஒரு செயல்பாடாகப் பாருங்கள் என்று 2018இல் உலக நிபுணர்கள் கூடிச் சொல்லியிருக்கிறார்கள். ‘திட்டாதீங்க, எழுப்பாதீங்க’ என்று மருத்துவர் இரண்டு முறை சொன்னார். அதை நானும் இங்கே சொல்கிறேன்.

பிறகு அவர் கேட்ட கேள்விகள் எல்லாம் பல்லைவிட்டு வெளியே போய்விட்டன. குறட்டை உண்டா? வாயால் மூச்சு விடுகிறானா? பள்ளியில் ஏதாவது மாற்றமா? எதற்காவது மாத்திரை சாப்பிடுகிறானா? கவனக்குறைவுக்கும் மனச்சோர்வுக்கும் கொடுக்கும் சில மருந்துகள் பல் கடித்தலைத் தூண்டக்கூடும் என்பதால் அந்தக் கடைசிக் கேள்வி. மூக்கைப் பற்றிப் போன வாரமே நிறைய எழுதிவிட்டதால் ஒரு கணக்கு மட்டும். பிரேசிலின் சாவ் பாவ்லோவில் மூக்கடைப்பும் குறட்டையும் உள்ள 69 பிள்ளைகளை அடினாய்டு, டான்சில் அறுவைக்கு முன்னும் பின்னும் கவனித்தார்கள். முன்னே ஏறக்குறைய பாதிப்பேர் பல் கடித்தார்கள். மூன்று மாதம் கழித்து எட்டில் ஒரு பங்குகூட இல்லை. மூச்சு சீரானது, தூக்கம் கலைவது குறைந்தது, பல்லும் அடங்கியது.

பள்ளி மாற்றம் என்ற கேள்விக்குப் பதில் இருந்தது. அப்பாவுக்கு மாற்றல் வரப்போகிறது என்ற பேச்சு சில மாதங்களாக அந்த வீட்டில் இரவுச் சாப்பாட்டோடு நடந்துகொண்டிருக்கிறது. கோல் மார்க்கெட்டுக்கு இது பழகிய கதை. 1921இல் கட்டிய அந்தப் பன்னிரண்டு பக்கச் சந்தைக் கட்டடத்தைச் சுற்றி அரசு ஊழியர் குடியிருப்புகள் வந்த காலத்தில், இந்திய அரசின் தலைமைச் செயலகமே வெயிலுக்குச் சிம்லா, குளிருக்கு டெல்லி என்று மாறிக்கொண்டிருந்தது. அந்த ஊழியர்களில் இருந்த தமிழர்கள் தம் பிள்ளைகளுக்காக 1920களில் தொடங்கிய முயற்சிதான் வளர்ந்து இன்றைய டெல்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளிகளாக இருக்கிறது. மந்திர் மார்க் பள்ளியை இந்தப் பகுதித் தமிழர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மூட்டை கட்டுவதும் அவிழ்ப்பதுமாக வளர்ந்த அந்தத் தலைமுறைப் பிள்ளைகளும் இரவில் பல்லைக் கடித்திருப்பார்கள். பூச்சி என்றுதான் வீட்டில் சொல்லியிருப்பார்கள்.

ஆனால் பயத்தையும் பல்லையும் சேர்த்துப் பார்த்தவர்கள் நம்மிடம் முன்பே இருந்தார்கள். சுமார் 7ஆம் நூற்றாண்டில் வாக்படர் எழுதிய அஷ்டாங்க ஹிருதயத்தில் குழந்தைகளைப் பிடிக்கும் கிரகங்களைப் பற்றி ஓர் அத்தியாயம் உண்டு. அதில் பொதுவான அடையாளங்களாக அவர் அடுக்குவதில் திடுக்கிட்டுப் பயப்படுவதும், சோர்ந்து போவதும், உதட்டையும் பல்லையும் கடிப்பதும், தூக்கம் கெடுவதும் ஒரே வரிசையில் வருகின்றன. காரணத்தைக் கிரகத்தின்மேல் போட்டார். பார்த்ததைச் சரியாகப் பார்த்திருந்தார். பயம், பல், கெட்ட தூக்கம் மூன்றும் சேர்ந்து வருவதை இன்றைய ஆய்வுகளும் திரும்பத் திரும்பக் காண்கின்றன. கொலம்பியாவில் கிளாவுடியா ரெஸ்ட்ரெப்போ குழுவினர் 2001இல் பால் பல் பருவப் பிள்ளைகளுக்குத் தசைகளைத் தளர்த்தும் பயிற்சிகளைக் கொடுத்துப் பார்த்து, பல் கடித்தல் அடையாளங்கள் குறைந்ததை எழுதினார்கள்.

செல்போன் இங்கேதான் உள்ளே வருகிறது. பல்லை அது நேராகத் தொடுவதில்லை, தூக்கத்தைத் தொடுகிறது. அமெரிக்காவின் கொலராடோவில் 2018இல் மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளைத் தூங்குவதற்கு முந்தைய ஒரு மணி நேரம் பளிச்சென்ற விளக்கு மேசைமுன் விளையாடவிட்டார்கள். தூக்கத்தைக் கொண்டுவரும் மெலடோனின் சுரப்பு அந்த நேரத்தில் ஏறக்குறைய 88 சதவீதம் குறைந்தது. விளக்கை அணைத்து ஐம்பது நிமிடம் ஆன பிறகும் பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது பழைய நிலைக்கு வரவில்லை. செல்போன் வெளிச்சம் அந்த மேசையளவு பிரகாசமில்லை. ஆனால் செல்போனில் வெளிச்சம் மட்டும் இல்லை. துரத்தலும் சண்டையும் தோல்வியும் இருக்கின்றன, அடுத்த வீடியோ தானாக ஓடுகிறது. தொண்ணூறுகளில் தூர்தர்ஷன் நிகழ்ச்சி முடிந்தால் டிவி ஓய்ந்துவிடும். இது ஓய்வதில்லை.

ரெஸ்ட்ரெப்போ குழுவினரே 2021இல் திரை நேரத்தையும் இனிப்பையும் பல் கடித்தலோடு சேர்த்துப் பார்த்து, இரண்டோடும் தொடர்பு இருப்பதாக எழுதினார்கள். ஜிலேபிக் கடையைப் பாட்டி இழுத்தது முற்றிலும் வீண் இல்லை. ஆனால் தொடர்பு என்பது காரணம் ஆகிவிடாது. மனதில் பயம் இருக்கும் பிள்ளை போனைத் தேடிப் போகும். போன் பார்த்த பிள்ளைக்குத் தூக்கம் கலையும். தூங்காத பிள்ளைக்கு மறுநாள் பயம் கூடும். எது முதல் என்று பிரிப்பது கடினம். டெல்லியில் போனைப் பிள்ளைகள் கையில் கொடுத்ததும் நாம்தான். 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடியபோது வகுப்பே அதற்குள் போனது. 2024 நவம்பரில் காற்று மூச்சுவிட முடியாத அளவுக்குக் கெட்டபோது மறுபடி ஆன்லைன் வகுப்பு. புகை மூக்கை அடைக்கிறது, அதே புகை பிள்ளையைத் திரைமுன் உட்காரவைக்கிறது. இதற்குப் பிள்ளையைக் குற்றம் சொல்வது அநியாயம்.

இந்தியக் குழந்தை மருத்துவர் கழகம் சொல்வது தெளிவு: இரண்டு வயதுக்குள் திரை வேண்டாம், இரண்டிலிருந்து ஐந்துவரை ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், ஐந்திலிருந்து பத்துவரை இரண்டு மணி நேரத்துக்குள், படுக்கையறையில் வேண்டாம், தூங்குவதற்கு முந்தைய ஒரு மணி நேரம் எதுவும் வேண்டாம். எல்லாவற்றையும் ஒரே நாளில் பிடிக்க முடியாவிட்டால் அந்தக் கடைசி ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு மணி நேரத்தில் பெரியவர்கள் போனும் வேறு அறையில் இருக்கட்டும். மாற்றல், கடன், மார்க் பற்றிய பேச்சையும் அப்போது நிறுத்திவையுங்கள்.

விழித்திருக்கும்போதே, கேம் விளையாடுகையில் தாடையை இறுக்கிக்கொள்ளும் பிள்ளைகளைப் பற்றி எழுத இந்த வாரம் இடமில்லை. அது தூக்கத்தில் கடிப்பதிலிருந்து வேறுபட்ட விஷயம். அடுத்த வாரம் முழுதாக அதுதான். அதற்குள் உங்கள் வீட்டில் சத்தம் கேட்ட இரவுகளில் மூன்றைக் குறித்து எனக்கு எழுதுங்கள்: போனை எத்தனை மணிக்கு வைத்தார்கள், மூக்கு அடைத்திருந்ததா, அன்று பகலில் என்ன நடந்தது. பல் கடிப்பதோடு குறட்டையும் சேர்ந்திருந்தால் மட்டும் அடுத்த வாரத்துக்குக் காத்திருக்காதீர்கள். காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் பிள்ளையைக் காட்டிவிடுங்கள்.