கசிவை அடைக்கும் பிசின்

மூணாற்றை அடுத்த பள்ளிவாசலில், முதிரப்புழை ஆற்று நீரைக் கொண்டு 1940-ஆம் ஆண்டு முதல் மின்சாரம் எடுக்கப்பட்டு வருகிறது. இன்றைய கேரளத்தின் முதல் பெரிய நீர்மின் நிலையம் அதுவே. மழை மிகுந்த அம்மலைநாட்டில் அணையாயினும் சுரங்கமாயினும் வீட்டுச் சுவராயினும், நீர் நுழைய மயிரிழை வெடிப்பே போதும். அதே இடுக்கி மாவட்டத்தில், சுண்ணாம்பும் சுர்க்கியும் சேர்ந்த காரையால் 1895-இல் கட்டி முடிக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையில், கசிநீர் சுண்ணாம்பைச் சிறிது சிறிதாகக் கரைத்துச் சென்றது. 1930-களில் அணையில் துளையிட்டுச் சிமெண்டுக் குழம்பைச் செலுத்தினார்கள்.

ஆனால் ஓடும் நீர் சிமெண்டுக் குழம்பை அடித்துச் சென்றுவிடும். மிக நுண்ணிய வெடிப்பில் அதன் துகள்கள் நுழையமாட்டா. இவ்விரு குறைகளுக்கும் பரிகாரமாக இக்காலத்தில் வழங்குவது பாலியூரித்தேன் பிசின். இவ்வகைப் பொருளை 1937-இல் ஜெர்மனியில் ஓட்டோ பேயர் குழுவினர் கண்டறிந்தனர். நீரையே துணையாகக் கொள்வது இப்பிசினின் விந்தை. நீர் பட்டதும் கரியமில வாயு தோன்ற, பிசின் நுரைத்துப் பருத்து, வெடிப்பை நிறைத்து இறுகுகிறது.

வெடிப்பின் இருமருங்கும் மாறிமாறிச் சாய்வாகத் துளையிடுவர். அத்துளைகள் சுவரின் நடு ஆழத்தில் வெடிப்பைச் சந்திக்க வேண்டும். பின்னர் குழல்முனைகளைப் பொருத்தி, கீழிருந்து மேலாக அழுத்தத்துடன் பிசினைச் செலுத்துவர். கையுறையும் கண்ணாடியும் இன்றி இப்பணியைத் தொடலாகாது.

நீரைத் தடுப்பது வேறு, கட்டடத்துக்கு வலுவூட்டுவது வேறு என்பதை நாம் மறத்தலாகாது. அடித்தளம் இறங்கியதால் பிளந்த சுவர், பிசினால் உறுதி பெறாது. அணைகளில் நீரழுத்தம் தணிவதற்கென்றே அமைத்த வடிதுளைகளை அடைத்துவிட்டால், உள்ளே அழுத்தம் பெருகி அணைக்கே ஊறு நேரும். ஆகவே கசிவை அடைக்குமுன், அந்நீர் எங்கிருந்து, ஏன் வருகிறது என்று ஆராய்வதே நம் முதற்கடமை.